கறுப்பினப் பெண் என்றாலே திரையில் ஏன் சத்தம் போடுகிறாள்?

கேள்வி இதுதான்: "அமெரிக்கப் படங்களிலும் தொடர்களிலும் வரும் கறுப்பினப் பெண்கள் ஒன்று எரிந்து விழுகிறார்கள், இல்லையென்றால் வீட்டு வேலைக்காரியாக எல்லோரையும் அரவணைக்கிறார்கள், அதுவும் இல்லையென்றால் கவர்ச்சிக்காக வந்துபோகிறார்கள். நிஜத்திலும் அப்படிச் சிலர் இருக்கத்தானே செய்வார்கள்? இதை ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை ஆக்குகிறார்கள்?"

இருக்கத்தான் செய்வார்கள். எரிந்து விழுகிறவர்கள் எந்த ஊரில் இல்லை? ஆனால் நீங்கள் சொன்ன மூன்று பேரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். முதலாமவள் யாருக்கும் அடங்காதவள். இரண்டாமவள் எஜமானியின் பிள்ளைக்காகத் தன் பிள்ளையையே மறந்துவிடுகிறவள். மூன்றாமவளுக்கு உடலைத் தவிர ஒன்றுமில்லை, இரண்டாமவளுக்கோ அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியாது. பத்திரிகைகள் சேர்த்துக்கொடுத்த நான்காவது ஒருத்தியும் உண்டு: உழைக்காமல் அரசுப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சோம்பேறி. இத்தனையும் ஒரே சமூகத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லப்பட்டவை. நேரில் பார்த்து எழுதியிருந்தால் இப்படி ஒன்றோடொன்று இடிக்காது. எந்தப் பிம்பம் எப்போது, யாருக்குத் தேவைப்பட்டது என்று தேடிப் போனால்தான் இது புரியும். சமூகவியலாளர் பட்ரீசியா ஹில் காலின்ஸ் 1990-ல் இவற்றுக்குக் 'கட்டுப்படுத்தும் பிம்பங்கள்' என்று பெயர் வைத்ததும் இந்தப் பொருளில்தான்.

கவர்ச்சிக்காரியிலிருந்து தொடங்குகிறேன், அவள்தான் வயதில் மூத்தவள். அமெரிக்க ஆய்வாளர்கள் அவளை யேசபேல் என்று அழைப்பார்கள், விவிலியத்தில் வரும் அதே ராணியின் பெயர். வர்ஜீனியா காலனி 1662-ல் ஒரு சட்டம் போட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அது. இங்கிலாந்தின் வழக்கப்படி குழந்தைக்குத் தகப்பன் வழியில்தான் எல்லாம். அதை வேண்டுமென்றே மாற்றினார்கள். ஏன் என்று யோசித்தால் வயிற்றைப் பிசையும். எஜமான் தன் அடிமைப் பெண்ணை வன்புணர்ந்து பிறக்கும் பிள்ளையும் அவனுடைய சொத்துக்கணக்கில் சேரும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற மனிதனுக்கு இதற்கு ஒரு சமாதானம் வேண்டும். 'அவள்தான் மயக்கினாள், அந்த இனத்துப் பெண்களே அப்படித்தான்' என்பது அந்தச் சமாதானம்.

ஐரோப்பாவிலும் இதே பார்வைதான். தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்துப் பெண் சாரா பார்ட்மானை 1810-ல் லண்டனுக்குக் கொண்டுபோய், அவருடைய உடலமைப்பைக் காசு வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்தார்கள். பிறகு பாரிஸ். 1815-ல் அங்கே இறந்தார். அதன் பிறகும் விடவில்லை. குவியே என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி அவருடைய உடலை அறுத்து ஆராய்ந்தார். எலும்புக்கூடும் உடலின் அச்சுவார்ப்பும் 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு இருந்தன. 2002-ல்தான் சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

பத்திரிகை உலகத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால் 1895-ம் ஆண்டுக் கடிதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடித்துத் தூக்கிலிடும் கும்பல் கொலைகளை அம்பலப்படுத்திக்கொண்டிருந்தார் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர். அவருடைய பேச்சு இங்கிலாந்து வரை எட்டியது. அவர் பெயரைக் கெடுக்க மிசூரி மாநிலப் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவர் இங்கிலாந்திலிருந்த ஓர் ஆதரவாளருக்குக் கடிதம் எழுதினார். அதில் அவருடைய கட்டுரைகளின் தகவல் பிழை எதையும் சுட்டிக்காட்டுவதைவிட, கறுப்பினப் பெண்கள் எல்லோரும் விபசாரிகள், பிறவித் திருடிகள், பொய் சொல்லுகிறவர்கள் என்று எழுதுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. விளைவு அவர் எதிர்பார்த்ததல்ல. அதே ஆண்டு பாஸ்டனில் கறுப்பினப் பெண்கள் மாநாடு கூட்டினார்கள், மறு ஆண்டே தேசிய அளவில் ஒரு சங்கம் உருவாகிவிட்டது.

சரி, இப்போது வேலைக்காரி. இவளுக்கு 'மேமி' என்று பெயர். பருத்த உடம்பு, தலையில் துணிக்கட்டு, வாய் நிறையச் சிரிப்பு. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்த பிறகுதான் இவள் ஊரெல்லாம் பரவுகிறாள் என்பதைக் கவனியுங்கள். தோற்ற தென் மாநிலங்களுக்கு, 'நாங்கள் அவர்களை நன்றாகத்தான் வைத்திருந்தோம், அவர்களும் எங்கள் வீட்டில் ஒருவராக இருந்தார்கள்' என்று சொல்ல ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்த முகத்தை ஆன்ட் ஜெமைமா பான்கேக் மாவுப் பொட்டலத்தில் அச்சிட்டார்கள். அந்த வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் நான்சி கிரீன், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நின்று பான்கேக் சுட்டுக்கொடுத்தபடி, பழைய தோட்டத்து வாழ்க்கையின் இனிய நினைவுகளைச் சொல்ல வேண்டியது அவருடைய வேலை. அடிமையாக இருந்தவர் வாயாலேயே அடிமைக்காலம் இனிமையாக இருந்தது என்று சொல்லவைக்கும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! அந்தப் பெயரும் படமும் 2021-ல்தான் கடை அலமாரியை விட்டுப் போயின. இடையில், 1923-ல், விசுவாசமான மேமிகளுக்கு வாஷிங்டனில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப அமெரிக்க செனட் ஒப்புதலே கொடுத்தது. கறுப்பினப் பத்திரிகைகளும் பெண்கள் அமைப்புகளும் கொதித்தெழுந்த பிறகு அது அப்படியே நின்றுபோனது.

மேமி வேடத்தில் உச்சம் தொட்டவர் ஹாட்டி மெக்டேனியல். 'கான் வித் த விண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின நடிகர், ஆண்களையும் சேர்த்து. விழா நடந்தது 1940 பிப்ரவரி 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸின் அம்பாசடர் ஹோட்டலில். கறுப்பர்களை அனுமதிக்காத ஹோட்டல். தயாரிப்பாளர் தனியாகக் கேட்டு வாங்கிய சலுகையில்தான் அவர் உள்ளேயே வர முடிந்தது. படக்குழு உட்கார்ந்திருந்த மேஜையில் அவருக்கு இடமில்லை, சுவரோரம் ஒரு சிறிய மேஜை. அங்கிருந்து எழுந்துபோய் விருதை வாங்கிக்கொண்டு, தன் இனத்துக்கும் திரைத்துறைக்கும் எப்போதும் பெருமை சேர்ப்பேன் என்று நம்புவதாகச் சொல்லிவிட்டு அதே மேஜைக்குத் திரும்பினார். அதற்கு முந்தைய டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த படத்தின் முதல் காட்சிக்கு அவர் போகவே முடியவில்லை. ஜார்ஜியாவின் இன ஒதுக்கல் சட்டம் அப்படி.

இங்கே ஒரு பழைய சண்டையையும் சொல்ல வேண்டும். கறுப்பின உரிமை அமைப்பின் தலைவர் வால்டர் வைட் உள்ளிட்டோர், இப்படிப்பட்ட வேடங்களை ஏற்று இனத்தின் மானத்தை வாங்குகிறார் என்று ஹாட்டியைக் கடுமையாகச் சாடினார்கள். வேலைக்காரியாக இருப்பதைவிட வேலைக்காரியாக நடிப்பது மேல் என்ற பொருளில் ஹாட்டி பதிலடி கொடுத்ததாகச் சொல்வார்கள். எனக்கு இந்தச் சண்டையே தப்பான ஆட்களுக்கு இடையே நடந்ததாகத் தோன்றும். கதையை எழுதியவர்களும் பணம் போட்டவர்களும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. திரையில் எஜமானிக்கு இடுப்புக்கச்சை இறுக்கிக்கொண்டிருந்த இந்தப் பெண்மணி நிஜத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய பங்களாவின் சொந்தக்காரி. கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனையைக் காட்டி வெள்ளையினக் குடித்தனக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டபோது, அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களைத் திரட்டி எதிர்த்து நின்றார். 1945 டிசம்பரில் நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். இந்த ஹாட்டியை வைத்து அப்போது யாராவது படம் எடுத்தார்களா? இல்லை. அவருக்கு அடுத்து ஒரு கறுப்பின நடிகை ஆஸ்கர் வாங்க 1991 வரை, ஊப்பி கோல்ட்பர்க் வரும் வரை, ஐம்பத்தொரு வருடம் ஆனது.

இனி நீங்கள் முதலில் சொன்ன எரிந்து விழுகிறவள். இவளுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் சஃபயர். 1928-ல் தொடங்கிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி' வானொலி நிகழ்ச்சியில், ஓயாமல் புருஷனைத் திட்டிக்கொண்டேயிருக்கும் மனைவியின் பெயர் அது. நிகழ்ச்சியை உருவாக்கி, முக்கியக் கறுப்பின ஆண்களுக்குக் குரல் கொடுத்த இருவரும் வெள்ளைக்காரர்கள். சஃபயரின் புருஷன் ஊரை ஏமாற்றுகிற ஆள், அவள் கோபப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் காட்சி அமைப்பில் அந்த நியாயம் யார் காதிலும் விழாது, அவள் வாயைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட வேண்டும். இந்த வேடத்தின் பயன் இதுதான். ஒருத்தியின் கோபத்தை அவளுடைய குணமாக்கிவிட்டால், எதற்காகக் கோபப்படுகிறாள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

இது பழங்கதை என்று நினைத்தால் 2018 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டி, செரீனா வில்லியம்ஸும் நவோமி ஒசாகாவும். பயிற்சியாளர் சைகை காட்டினார் என்று நடுவர் முதல் எச்சரிக்கை கொடுத்தார். ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு புள்ளி போனது. 'நீ ஒரு திருடன்' என்று நடுவரைச் சொன்னதற்கு ஒரு முழு கேமே போனது. செரீனா நடந்துகொண்டது சரியா என்பதில் இரண்டு கருத்துக்கு இடமுண்டு. என்னைக் கேட்டால் ராக்கெட்டை உடைத்த பிறகு அவர் நிதானத்தை இழந்துவிட்டார். ஆனால் ஆஸ்திரேலியாவின் 'ஹெரால்ட் சன்' நாளிதழ் வெளியிட்ட கேலிச்சித்திரத்தைப் பாருங்கள். பூதாகாரமான உடம்பு, தடித்த உதடு, விரிந்த மூக்கு, ராக்கெட்டின் மேல் எகிறிக் குதிக்கும் ஓர் உருவம். தரையில் குழந்தை சப்பும் ரப்பர் ஒன்று கிடக்கிறது. பின்னணியில் நடுவரோடு பேசிக்கொண்டிருப்பவர் ஒசாகாவாம். தங்க நிறக் கூந்தல், வெளுத்த தோல், ஒல்லியான தேகம். நிஜ ஒசாகாவின் தந்தை ஹைட்டிக்காரர், தாய் ஜப்பானியர், அவரும் கறுப்பினப் பெண்தான். அன்று முடியின் நுனியில் கொஞ்சம் நிறம் பூசியிருந்தார், அவ்வளவுதான். ஒருத்தியைக் கோபக்காரியாக வரைய வேண்டும் என்றதும் எதிரில் நின்ற நல்லவள் தானாக வெள்ளைக்காரி ஆகிவிட்டாள். செரீனாவின் முகத்தைவிட எனக்கு இந்தப் பின்னணி உருவம்தான் அதிகம் சொல்கிறது. அந்நாட்டுப் பத்திரிகைக் கவுன்சில் 2019-ல் இதில் விதிமீறல் இல்லை என்று முடிவு சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

படித்தவர்கள் வாசிக்கும் பத்திரிகைகள் இதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. 2014 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தொலைக்காட்சி விமர்சகர், தயாரிப்பாளர் ஷோண்டா ரைம்ஸைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு எழுதிய கட்டுரையின் முதல் வரியே, அவர் சுயசரிதை எழுதினால் அதற்குக் 'கோபக்காரக் கறுப்பினப் பெண்ணாக இருந்தும் தப்பிப்பது எப்படி' என்று தலைப்பு வைக்க வேண்டும் என்றது. 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' என்ற தொடரின் பெயரை வைத்து அடித்த ஜோக். ஒரே சிக்கல், அந்தத் தொடரை உருவாக்கியவர் ரைம்ஸ் இல்லை, பீட் நோவாக் என்ற வெள்ளைக்கார ஆண். நீங்கள் ஒரு கோபக்காரக் கறுப்பினப் பெண் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று ரைம்ஸ் ட்விட்டரில் நோவாக்கையே கேட்டார். அதே கட்டுரை நாயகி வயோலா டேவிஸை, வழக்கமான அழகு இலக்கணத்துக்குள் அவ்வளவாக அடங்காதவர் என்ற தொனியில் விவரித்தது. அடுத்த ஆண்டே அந்த வேடத்துக்காக, நாடகத் தொடரின் சிறந்த நடிகைக்கான எம்மி விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார் டேவிஸ். வெள்ளையரல்லாத பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் வாய்ப்பு மட்டுமே என்று மேடையில் சொன்னார். மிஷல் ஒபாமாவும், கணவர் தேர்தலில் நிற்பதாக அறிவித்த நாளிலிருந்தே தன்னைக் கோபக்காரக் கறுப்பினப் பெண்ணாகச் சித்திரிக்கப் பார்த்தார்கள் என்று 2012-ல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார்.

நான்காவது பிம்பத்தை உருவாக்கியது சினிமா இல்லை, அரசியலும் செய்தியும். 1976 அதிபர் தேர்தல் பிரசாரத்தில் ரொனால்ட் ரீகன் ஊர் ஊராகச் சிகாகோ பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னார். 80 பெயர்கள், 30 முகவரிகள், வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரியில்லாத வருமானம். அவளுடைய நிறத்தை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தப் பெண் மோசடிக்காரிதான், ஆனால் 1977-ல் உதவிப்பண மோசடி என்று நீதிமன்றத்தில் நிரூபணமானது ஒன்பதாயிரம் டாலருக்கும் குறைவு. ஒருத்தியின் கதை ஒரு சமூகத்தின் அடையாளமாக மாறியது எப்படி? மார்ட்டின் கிலென்ஸ் என்ற அரசியல் அறிஞர் 1988 முதல் 1992 வரை மூன்று பெரிய செய்தி வார இதழ்களில் வறுமை பற்றிய கட்டுரைகளோடு வந்த படங்களை எண்ணிப்பார்த்தார். படங்களில் இருந்த ஏழைகளில் 62 சதவீதம் கறுப்பர்கள். உண்மையில் அமெரிக்க ஏழைகளில் அவர்கள் பங்கு 29 சதவீதம். யாரும் பொய் எழுதவில்லை. புகைப்படத் தேர்வு மட்டுமே வேலையை முடித்துவிட்டது.

"எதற்கும் அசராத வலிமையான பெண் என்றும் காட்டுகிறார்களே, அது பாராட்டுத்தானே?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுதான் உயிருக்கே உலை வைக்கிற பிம்பம் என்பேன். வலி தாங்குகிறவள் என்ற பெயர் வாங்கியவளுக்கு வலி மாத்திரை தாமதமாகத்தான் வரும். 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் கலந்துகொண்ட வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பர்களின் தோல் தடிமன் என்பது போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையாவது ஏற்றுக்கொண்டார்கள். மேலே சொன்ன அதே செரீனா, 2017-ல் பிரசவமான மறுநாள் மூச்சுத் திணறி, தன் நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஸ்கேன் எடுங்கள் என்று கேட்டார். வலி மருந்தில் ஏதோ உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். அவர் விடாமல் கேட்ட பிறகு ஸ்கேன் எடுத்தபோது ரத்தக்கட்டிகள் தெரிந்தன. உலகமே அறிந்த, தன் உடம்பின் முந்தைய ரத்தக்கட்டுச் சரித்திரத்தை நன்கு தெரிந்த ஒருவருக்கே இந்த நிலை. 2021-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 69.9, வெள்ளையினத் தாய்மார் இறப்பு 26.6. இந்த இடைவெளிக்குச் சினிமாவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வறுமை, காப்பீடு, மருத்துவமனைகளின் தரம் என்று பல உண்டு. ஆனால் சொல்வதை நம்பாமல் இருக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழர். கமலாவின் தாத்தா ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் கமலாவின் வெற்றிக்காகக் கோயிலில் அபிஷேகம் நடந்ததையும், ஃப்ளெக்ஸ் வைத்ததையும் நம் சேனல்கள் விழுந்து விழுந்து காட்டின. தந்தை டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காவில் பிறந்தவர், கமலா படித்தது கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், தன்னைக் கறுப்பினப் பெண் என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டவர். இந்தப் பாதி நம் செய்திகளில் ஒரு வரிக்கு மேல் போகவில்லை. ட்ரம்ப் 2020 அக்டோபரில் அவரை 'அரக்கி' என்றதும், 2024 ஜூலையில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்திலேயே வந்து நின்று, இந்தியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், திடீரென்று கறுப்பராக மாறிவிட்டார் என்றதும் இங்கே வெறும் தேர்தல் வாய்த்தகராறாகவே வாசிக்கப்பட்டன. அந்த 'அரக்கி' எந்தப் பரம்பரையில் வந்த வசை என்பது நமக்குப் பிடிபடவில்லை, ஏனென்றால் நாம் பேத்தியை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக, "அப்படியானால் நல்லவளாகவே காட்டிவிட்டால் போச்சே" என்ற யோசனை. அதையும் செய்து பார்த்தாயிற்று. 1968-ல் 'ஜூலியா' தொடரில் டயான் கரோல் நர்ஸாக வந்தார். வேலைக்காரி வேடமில்லாத கறுப்பின நாயகி, பெரிய விஷயம். ஆனால் கணவன் வியட்நாம் போரில் இறந்துவிட்டான், அவளோ அப்பழுக்கில்லாதவள், அழகான அடுக்ககத்தில் வசிக்கிறாள். வெளியே மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரங்கள் பற்றி எரிந்த அதே ஆண்டு. அந்த வெளியுலகம் இவள் வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை என்று கறுப்பின விமர்சகர்களே குறை சொன்னார்கள், அதில் நியாயம் இருந்தது. அதே போல 2011-ல் வந்த 'த ஹெல்ப்' நல்லெண்ணப் படம்தான். அதில் வேலைக்காரியாக நடித்த வயோலா டேவிஸ் 2018-ல், கடைசியில் அந்த வேலைக்காரிகளின் குரல் கேட்கவில்லை என்பதால் அதில் நடித்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். ஹாட்டியும் ஊப்பியும் வாங்கியவை துணை நடிகைக்கான ஆஸ்கர்கள். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை முதல் கறுப்பினப் பெண்ணாக ஹாலி பெர்ரி 2002-ல் வாங்கினார், அதற்குப் பிறகு இருபது வருடம் தாண்டியும் இரண்டாவது பெயர் சேரவில்லை.

எண்ணிக்கை கூடும்போதுதான் இது தளர்கிறது. பத்துக் கறுப்பினப் பெண்கள் இருக்கும் கதையில் ஒருத்தி எரிந்து விழுந்தால் அவள் வெறும் எரிந்து விழுகிறவள், அவ்வளவே. இசா ரே எழுதி நடித்து 2016-ல் தொடங்கிய 'இன்செக்யூர்' அப்படிப்பட்டது. நாயகி சொதப்புகிறாள், தோழியோடு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறாள், குளியலறைக் கண்ணாடி முன் தனக்குத்தானே ராப் பாடிக்கொள்கிறாள். க்வின்டா ப்ரன்சன் உருவாக்கிய 'ஆபட் எலிமென்டரி' பிலடெல்பியாவில் காசில்லாத ஒரு பள்ளிக்கூடம். அதில் துறுதுறுவென்ற இளம் டீச்சர் ஒருத்தி, கண்டிப்பான மூத்த டீச்சர் ஒருத்தி, வேலையே செய்யாமல் பந்தா பண்ணும் தலைமையாசிரியை ஒருத்தி. மூவரும் கறுப்பினப் பெண்கள், மூவருக்கும் ஒருவரை ஒருவர் சமாளிக்கவே நேரம் போதவில்லை. கேள்வி கேட்டவருக்கு நேரம் இருந்தால் இரண்டில் 'ஆபட்'டை முதலில் பாருங்கள், ஒரு எபிசோட் அரை மணி நேரம்கூட இல்லை.